தூக்கிப் பிடிக்கும் கேடயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு கல்லடியில் பைபர் படகு பழுதுபார்க்கிறவன். அதற்கு முன்னர் சில வருடம் வாகரையிலும் படுவான்கரையிலும் கண்ணிவெடி அகற்றும் குழுவொன்றில் வேலை செய்தேன். நெஞ்சுக்கவசமும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு வெயிலில் முழங்காலில் நின்ற காலம் அது. போன வருடம் ஒலுவில் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பட்டறைக்கு வந்து, "அண்ணன், பொலிசார் கையில் பிடிக்கிற சன்னம் தாங்கும் கேடயத்தை இன்னும் இலேசாகச் செய்ய வழி இருக்கா?" என்று கேட்டார்கள். பேச்சு மூன்று பின்னேரம் நீண்டது. அதைக் கேள்விப்பட்டு வேறு ஆட்களும் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"குண்டு துளைக்காத கேடயம்" என்கிறார்களே, உண்மையிலேயே துளைக்காதா?

எந்தக் குண்டு, என்ன வேகம், எத்தனை வெடி என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. கைத்துப்பாக்கிச் சன்னத்தைப் பிடித்து நிறுத்தும் கேடயத்தை ரி-56 என்ற சீனத் துவக்கின் சன்னம் கிடுகு வேலியைக் கடப்பதுபோலக் கடந்துவிடும். அதனால் நான் "சன்னம் தாங்கும்" என்று எழுதுகிறேன். அப்போதுதான் "எதுவரை தாங்கும்?" என்ற அடுத்த கேள்வியை ஆட்கள் கேட்பார்கள்.

பழைய தமிழில் கேடயத்துக்குக் கிடுகு என்றும் ஒரு பெயர் உண்டு. எங்களுக்கோ கிடுகு என்றால் தென்னோலைப் பின்னல். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இன்றைய இலேசான கேடயமும் நாரை அடுக்கிச் செய்ததுதான்.

எதுவரை தாங்கும் என்பதை எப்படி அறிவது? 3ஏ, 3, 4 என்று எழுதியிருப்பது என்ன?

அமெரிக்காவின் என்ஐஜே (தேசிய நீதி நிறுவனம்) வகுத்த படிகள் அவை. கேடயங்களில் அதிகம் காணப்படும் 0108.01 என்ற இலக்கம் 1985இல் வந்த வரையறை. அதில் 3ஏ படி என்றால், 8 கிராம் எடையுள்ள 9 மிமீ சன்னம் வினாடிக்கு 426 மீற்றர் வேகத்தில் வந்தாலும், .44 மெக்னம் சன்னம் வந்தாலும் தாங்க வேண்டும். 3ஆம் படிக்கு 7.62 மிமீ நேட்டோ துவக்குச் சன்னம். 4ஆம் படிக்குக் கவசம் துளைப்பதற்கென்றே செய்த .30-06 சன்னம். 3 வரை ஐந்து வெடியைத் தாங்கிக் காட்ட வேண்டும். 4இல் ஒரே ஒரு வெடிதான். "4 என்றால் எல்லாவற்றிலும் மேல்" என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொருமுறை வாசியுங்கள்.

சக்தியில் பார்த்தால் வித்தியாசம் புரியும். அந்த 9 மிமீ சன்னத்தில் ஏறத்தாழ 725 ஜூல் இருக்கிறது. ரி-56 சன்னத்தில் ஏறத்தாழ 2100. நேட்டோ சன்னத்தில் 3400க்குக் கிட்ட.

2023இல் உடற்கவசத்துக்கான படிகளை என்ஐஜே மாற்றி எழுதியது. கைத்துப்பாக்கிக்கு இரண்டு படி, துவக்குக்கு மூன்று படி. அதில் துவக்குக்கான முதற்படியிலேயே 7.62×39 மென்னுருக்கு உள்ளகச் சன்னம், அதாவது உள்ளே மென்மையான உருக்கு வைத்த ரி-56 சன்னம், சேர்க்கப்பட்டது. எந்தச் சன்னத்தால் சோதிப்பது என்ற இடத்தில் சீனத் தயாரிப்பான ரி-56 பெயராலேயே வருகிறது. முப்பது வருடம் எங்கள் ஒழுங்கைகளில் கேட்ட சத்தம், அமெரிக்கச் சோதனைக்கூடத்தின் அளவுகோலாகி இருக்கிறது.

கேடயத்துக்கென்றே தனி வரையறை நெடுங்காலம் இருக்கவில்லை. அண்மைக் காலத்தில், பொருட்களுக்கான தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பு ஒன்றை வெளியிட்டது. அதன் இலக்கம் ஈ3347.

ஏன் இவ்வளவு பாரம்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 சென்றிமீற்றர் அகலம், 90 சென்றிமீற்றர் உயரம் என்றால் பரப்பு 0.45 சதுர மீற்றர். துவக்குச் சன்னத்துக்கு 6.5 மிமீ கவச உருக்கு வைத்தால், சதுர மீற்றருக்கு 51 கிலோ. வெறும் தகடே 23 கிலோ வந்துவிடும். அரை மூட்டை நெல்லை ஒரு கையில் முன்னால் நீட்டிப் பிடித்தபடி மற்றக் கையில் துப்பாக்கியுடன் படியேறுவதை நினைத்துப் பாருங்கள்.

நார் அடுக்கில் 3ஏ படிக்குச் சதுர மீற்றருக்கு 6 முதல் 8 கிலோ போதும். தகடு 4 கிலோவுக்கு மேல் போகாது. ஆனால் கடையில் அதே அளவுக் கேடயம் 6, 7, 8 கிலோ என்று நிற்கும். மிச்சம் எங்கே போனது? எட்டிப் பார்க்கும் சாளரக் கண்ணாடி, கைபிடி, ஓர இறப்பர், ஆணிகள், மின்சூள் (ரோச்). தகட்டை இலேசாக்க ஆராய்ச்சியாளர் வருடக்கணக்காக மினக்கெடுகிறார்கள். அந்த இலாபத்தைக் கைபிடி பொருத்துகிறவர் ஒரே நாளில் தின்றுவிடுகிறார்.

3ஆம் படிக்குப் பொலிஎதிலீன் நாரில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோ, அதாவது வெறும் தகடு 9 கிலோ. 4ஆம் படிக்குப் பீங்கான் முகப்புடன் 35 கிலோவுக்கு மேல், தகடு மட்டும் 16. இதற்குமேல் கையில் தூக்குவது கதைக்கு உதவாது, உருளை பூட்டித் தள்ள வேண்டியதுதான். அப்படியும் விற்கிறார்கள். சமதரையில் நல்லது. மாடிப்படி வந்ததும் இரண்டு ஆள் தேவை.

பாரத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி எது?

எதைத் தாங்க வேண்டும் என்று நேர்மையாக முடிவெடுப்பது. எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், ஒருவரும் தூக்காத கேடயம் கிடைக்கும். அது வாகனத்தின் பின்னுக்குக் கிடந்து தூசு பிடிக்கும். அலுவலகத்தில் எழுதுகிறவர் ஒரு படி கூட்டி எழுதுவது எளிது. தூக்குகிறவர் அந்த மேசையில் இருப்பதில்லை.

இடைவழியும் உண்டு. முழுக் கேடயம் 3ஏ, நெஞ்சுப் பகுதியில் மட்டும் துவக்குச் சன்னம் தாங்கும் மேலதிகத் தகட்டைக் கொக்கியில் மாட்டிக்கொள்வது. தேவை இல்லாத நாளில் கழற்றி வைக்கலாம். ஒலுவில் பிள்ளைகளுக்கு நான் சொன்ன முதல் யோசனை இதுதான்.

இரண்டாவது, பரப்பு. மேல் மூலைகள் இரண்டையும் சரித்து வெட்டினால் பாரமும் குறையும், துப்பாக்கி பிடித்த கைக்கு இடமும் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் படும் சன்னத்தை நார் அடுக்கு நடுவில்போலப் பிடிக்காது. இழுத்துப் பிடிக்க நார் நீளம் போதாது. ஆகவே ஓரத்திலிருந்து சில சென்றிமீற்றரைப் பாதுகாப்பான பரப்பாக எண்ண வேண்டாம். சின்னக் கேடயத்தில் அந்த ஓரம் மொத்தப் பரப்பில் பெரிய பங்கு.

நார் எப்படிச் சன்னத்தை நிறுத்துகிறது?

வாவியில் வலை போட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. மீன் முட்டியதும் முட்டிய கண் மட்டும் இழுபடுவதில்லை, சுற்றியுள்ள கண்களும் சேர்ந்து இழுபடும். அதுபோலச் சன்னம் பட்ட இடத்திலிருந்து இழுவிசை நாரின் வழியே பக்கவாட்டில் ஓடுகிறது. அது எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு நீள நார் சன்னத்துடன் மல்லுக்கட்டும். கெவ்லர் வகை அரமிட் நாரில் அது வினாடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். டைனீமா போன்ற மீயுயர் மூலக்கூற்று எடைப் பொலிஎதிலீனில் 10ஐத் தாண்டும். நைலோனில் மிகக் குறைவு. அதனால்தான் நைலோன் கவசங்கள் தடித்து நின்றன.

கெவ்லருக்கு அடிப்படையான நாரை 1965இல் டூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் கண்டுபிடித்தார். ரயரைப் பலப்படுத்த இலேசான நார் தேடியபோது அகப்பட்டது அது. டைனீமா நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்திலிருந்து வந்தது. தூண்டிலுக்கு வாங்குகிற விலைகூடின பிரெய்ட் நூல் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். கடையில் தரும் பொலித்தீன் பையும் தூரத்துச் சொந்தம், மூலக்கூற்றுச் சங்கிலியின் நீளம்தான் வேறு.

பாய்போலப் பின்னிய துணியா அது?

மருதமுனையில் கைத்தறி நெய்கிற காக்கா ஒருவரிடம் ஒரு துண்டு கெவ்லர் துணியைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாவும் ஊடையும் சரி, ஆனா நூல் வளைஞ்சி வளைஞ்சிதானே போகுது" என்றார். அவர் தொட்டுச் சொன்னதுதான் பொறியியலாளர்களும் சொல்லும் குறை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடத்தில் நூல் வளைகிறது. இழுவிசை அங்கே தடைப்பட்டுத் திரும்புகிறது, நூல் நிமிரும்வரை வேலை செய்யாமல் நேரமும் போகிறது.

அதனால் கேடயத் தகடுகளில் நெய்யாத விரிப்பு இப்போது அதிகம். நார்கள் எல்லாம் ஒரே திசையில் நேராகக் கிடக்கும். அடுத்த விரிப்பு அதற்குக் குறுக்காக. இப்படி மாறி மாறி நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்கு, நடுவில் கொஞ்சம் பிசின், பிறகு சூட்டில் வைத்து அமுக்குவது. நெய்தால் மென்கவசத்துக்கு நல்லது, மடங்கும், கிழியாது. தகட்டுக்கு நேர்நார்.

மட்டக்களப்பு வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் கெவ்லரா டைனீமாவா?

இரண்டுக்கும் ஒவ்வொரு நோய். கெவ்லருக்கு ஈரமும் வெயிலும் ஆகாது. நனைந்த கெவ்லரில் நார்கள் வழுக்கி விலகும், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் நாளடைவில் நாரைப் பலவீனமாக்கும். அதனால்தான் அது எப்போதும் நீர்புகா உறைக்குள் இருக்கும். அந்த உறை கிழிந்ததைத் தைத்துப் பாவிப்பதைக் கண்டிருக்கிறேன். தையல் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் போகும் வழி.

பொலிஎதிலீன் நீரைக் குடிக்காது. அடர்த்தி 0.97, அதாவது வாவியில் போட்டால் மிதக்கும். கெவ்லர் 1.44. ஆனால் சூடு அதன் எதிரி. 150 பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகத் தொடங்கும், 70, 80 பாகையிலேயே பலம் குறையும். பூட்டிய ஜீப்பில் பங்குனி மாத மத்தியானத்தில் கண்ணாடிக்குக் கீழே கேடயத்தைப் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னிடம் கேட்டால் கரையோரத்துக்குப் பொலிஎதிலீன், நிழலில் வைக்கும் ஒழுங்கோடு. ஒழுங்கு வராது என்று தெரிந்தால் கெவ்லர், நல்ல உறையோடு.

உருக்கு மலிவுதானே?

மலிவு. மெல்லியதும்கூட. ஐந்தல்ல, பல வெடி தாங்கும். ஆனால் சன்னம் உருக்கில் பட்டுச் சிதறி, தகட்டின் முகத்தோடு பக்கவாட்டில் பறக்கும். பக்கத்தில் நிற்கிறவரின் கழுத்துக்குத்தான் அது போகும். சிதறலைப் பிடிக்க மேலே பூச்சோ உறையோ போட்டால் பாரம் இன்னும் கூடும்.

பீங்கான் என்கிறீர்களே, தரையில் பதிக்கிற ஓடா?

அந்த இனம்தான், வேறு சாதி. அலுமினா, சிலிக்கன் காபைட், போரன் காபைட். அடர்த்தி முறையே 3.9, 3.2, 2.5 என்று இறங்கும், விலை ஏறிக்கொண்டே போகும். சன்னத்தின் கூர்முனையையும் கடினமான உள்ளகத்தையும் உடைத்துச் சிதைப்பது பீங்கானின் வேலை. சிதைந்ததைப் பிடிப்பது பின்னால் உள்ள நார் அடுக்கின் வேலை.

தனிப் பொலிஎதிலீன் தகடு ஈயச் சன்னத்தை அழகாகப் பிடிக்கும். ஈயம் பட்டதும் தட்டையாகிக் காளான்போல விரியும், நார்களுக்குப் பிடிக்க இடம் கிடைக்கும். உருக்கு உள்ளகம் விரியாது. நார்களை விலக்கிக்கொண்டு ஊசிபோலப் போகும். ஆகவே "3ஆம் படி" என்ற முத்திரை இருந்தாலும், உருக்கு உள்ளகமுள்ள 7.62×39 சன்னத்தால் தனியே சோதித்தார்களா என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

பீங்கானைக் கீழே போட்டால் வெளியில் தெரியாமல் வெடிப்பு விழும். அதைப் பார்க்க எக்ஸ்றே வேண்டும்.

கண்ணாடி இல்லாமல் செய்ய முடியாதா?

முடியும், செய்கிறார்கள். கண்ணாடிதான் கேடயத்தின் பாரமான மூலை. 3ஏ படிக்கு ஒளிபுகு அடுக்கு 25 முதல் 30 மிமீ தடிப்பு வரும், சதுர மீற்றருக்கு 30 கிலோவுக்கு மேல். 10க்கு 30 சென்றிமீற்றர் சாளரம் என்றால் ஏறத்தாழ 1 கிலோ. கேடயப் பரப்பில் பதினைந்தில் ஒரு பங்குதான் அது. அதுவும் மேலே, தலைக்கு நேரே உட்காருகிறது. மேல்பாரம் கூடிய வள்ளத்தைப்போலக் கேடயம் முன்னுக்குச் சாயும்.

சாளரத்தை விட்டுவிட்டு ஓரத்தால் எட்டிப் பார்க்கலாம், ஆனால் எட்டிப் பார்க்கிற தலைக்குக் கவசமில்லை. சின்னக் கமரா பூட்டலாம். மின்கலம் இறங்கினால் குருடு. நான் சின்னச் சாளரத்தின் பக்கம். 5 மிமீ பொலிகாபனேற்று (ஒளிபுகு பிளாஸ்டிக்) முகமறைப்புக்குள் சில வருடம் உலகத்தைப் பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பாரத்தைவிட ஆட்களைத் தோற்கடித்தது மூச்சு ஆவியும் கீறலும்தான். பதினொரு மணிக்குப் பிறகு வெளியே எதுவும் சரியாகத் தெரியாது. மறைப்பை உயர்த்திவிட்டு வேலை செய்யக் கை துடிக்கும். உயர்த்தியவர்களைத் திட்டினார்கள், கண்ணாடியை மாற்றித் தரவில்லை. கேடயத்திலும் அப்படித்தான். பார்க்க முடியாத சாளரம் இருந்தால் தலை வெளியே வரும்.

துடைக்கத் தின்னரோ பெற்றோலோ பாவிக்காதீர்கள். பொலிகாபனேற்று மயிரிழை வெடிப்பு விட்டு வெளிறிப்போகும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

கைபிடியில் என்ன பெரிய விடயம்?

முழு விடயமும் அதில்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தராசு காட்டும் கிலோவைத் தோள் உணர்வதில்லை. பாரம் உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் தோள் உணர்கிறது. 8 கிலோக் கேடயத்தைத் தோளிலிருந்து 40 சென்றிமீற்றர் முன்னால் பிடித்தால் தோளில் ஏறும் திருப்பம் 31 நியூட்டன் மீற்றர். 9 கிலோக் கேடயத்தை 25 சென்றிமீற்றரில் பிடித்தால் 22 மட்டும். பாரம் கூடியது இலேசாகிவிட்டது! தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்கு இது தெரியும். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்து நூறு யார் நடந்து பாருங்கள்.

ஆகவே கைபிடி எங்கே வர வேண்டும் என்பதைக் கேடயம் முழுதாகப் பூட்டி முடிந்த பிறகு, கண்ணாடியும் மின்சூளும் போட்ட பிறகு, அதன் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்து முடிவெடுக்க வேண்டும். நடக்கிறது என்னவென்றால் வெறும் தகட்டின் நடுவை அளந்து துளை போட்டுவிடுகிறார்கள். மேலே கண்ணாடி ஏறியதும் மையம் மேலே போய்விடும். பிறகு கேடயம் எப்போதும் முன்னுக்குக் கவிழப் பார்க்கும், மணிக்கட்டு அதை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கைபிடியின் வடிவமும் இருக்கிறது. ஒற்றைப் பிடி என்றால் மணிக்கட்டு முறியும். முன்கையைத் தாங்கும் தொட்டிலும் நுனியில் பிடியும் சேர்ந்தால் பாரம் முழங்கையில் பரவும். கழுத்திலும் தோளிலும் குறுக்காகப் போடும் வார் ஒன்று இருந்தால், நின்று காத்திருக்கிற நேரத்தில் கை ஆறும். கேடயத்தோடு போகிறவர் பெரும்பாலான நேரம் காத்துத்தான் நிற்கிறார். வாரில் ஒரே இழுப்பில் கழலும் கொக்கி வேண்டும், விழுந்தால் கேடயம் ஆளையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது.

இடதுகைக்காரருக்கும் பெண் பொலிசாருக்கும் என்று தனியே ஒரு கேள்வி வந்தது. பிடி இரு கைக்கும் மாற்றக்கூடியதாக, முன்கை நீளத்துக்கு நகர்த்தக்கூடியதாக இருந்தால் போதும். பிடியின் தடிப்பையும் பாருங்கள். ஐந்தடி உயரமுள்ள ஒருவரின் விரல்கள் சுற்றி முடியாத பிடி, வியர்த்ததும் வழுக்கும்.

சன்னம் ஊடுருவாவிட்டாலும் கை முறியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையாகவே ஆபத்து உண்டு. நார்த் தகடு சன்னத்தை நிறுத்தும்போது பின்பக்கம் கும்பிபோலப் புடைக்கும். உடற்கவசச் சோதனையில், பின்னால் வைத்த களிமண்ணில் 44 மிமீக்கு மேல் பள்ளம் விழக் கூடாது என்பது என்ஐஜே விதி. கேடயத்தில் பின்னால் நெஞ்சு ஒட்டி இருப்பதில்லை, ஆனால் முன்கை இருக்கிறது. தகட்டுக்கும் கைக்கும் நடுவில் அந்தப் புடைப்புக்கு இடைவெளி விடாத கேடயத்தை நான் வாங்கமாட்டேன். தடித்த ரெஜிபோம் துண்டொன்றைக் கைக்குக் கீழே ஒட்டிவிட்டு "மெத்தை" என்று சொல்வது போதாது.

ஆணிகளும் அப்படித்தான். தகட்டைத் துளைத்துப் போட்ட ஆணியின் தலையில் சன்னம் பட்டால், அந்த ஆணியே பின்னால் பாயும். கைபிடியை ஒட்டுவது, அல்லது ஆணித் தலைக்குப் பின்னால் தடுப்பு வைப்பது நல்ல வேலை. கரையோரம் என்றால் ஆணி 316 வகைக் கறையில்லா உருக்காக இருக்கட்டும். 304கூடக் கல்லடியில் கறள் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

மடித்து எடுத்துப்போகும் கேடயம் உண்டா?

2017இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கடதாசி மடிப்புக் கலையைப் பின்பற்றி ஒன்று செய்தார்கள். 12 அடுக்குக் கெவ்லர், ஐந்து வினாடியில் விரியும், பல பேர் பின்னால் ஒதுங்கலாம். கைத்துப்பாக்கிச் சன்னங்களை, .44 மெக்னம் உட்பட, தாங்கியது. பாரம் ஏறத்தாழ 25 கிலோ. அதை இலேசு என்று சொல்வது, அதற்கு முந்திய உருக்குத் தடுப்புகள் 45 கிலோ வரை இருந்ததால். அது தரையில் நிற்கும் தடுப்பு, கையில் பிடித்து நடப்பதற்கு அல்ல. தகட்டுக் கேடயத்தை இரண்டாக மடிக்கலாம், ஆனால் மடிப்பு மூட்டில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். அந்த ஏற்றம் மறுபடியும் பாரம்.

நீங்கள் பைபர் வேலைக்காரர்தானே, பட்டறையில் ஒன்று செய்து தரலாமா?

மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

படகுக்குப் போடும் நறுக்கு நார்ப்பாயில் எடைக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணாடி நார் வராது, மிச்சம் ரெசின். படகுக்கு அது சரி, தண்ணீர் போகாது. சன்னத்துக்கு அது பிஸ்கட். சன்னம் தாங்கும் கண்ணாடிநார்த் தகட்டில் கணக்கு தலைகீழ், நார்தான் பெரும்பங்கு. பட்டதும் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று உரிந்து சக்தியைக் குடிக்கும்படி வேண்டுமென்றே ரெசினைக் குறைத்திருப்பார்கள். படகில் அடுக்கு உரிந்தால் நான் திட்டு வாங்குவேன், அங்கே உரிவதற்குத்தான் காசு.

பொலிஎதிலீன் தகடு என்றால் ஏறத்தாழ 125 பாகை சூட்டில் நூறு பார் அழுத்தத்துக்கு மேல் அமுக்க வேண்டும். 0.45 சதுர மீற்றருக்கு நூறு பார் என்றால் 450 தொன் விசை. என் பட்டறையில் உள்ளது ஜீப் ஜக்கு.

வளைவும் ஒரு பாடம். ஒரு பக்கம் மட்டும் வளைந்த கேடயத்துக்கு விரிப்புகள் சுருங்காமல் படியும். கிண்ணம்போல இரு பக்கமும் வளைத்தால் விரிப்பு மடிந்து சுருங்கும், வெட்டித்தான் படிய வைக்க வேண்டும். வெட்டிய இடத்தில் நார் தொடர்ச்சி போய்விடும். படகின் அணியத்தில் நான் தினமும் படும் பாடு அது.

இது எல்லாவற்றுக்கும் மேலே, செய்ததைச் சோதிக்க எனக்குச் சுடுதளம் இல்லை. சோதிக்காத கேடயத்தைக் கொடுப்பதைவிட ஓடச் சொல்லிக் கொடுப்பது மேல். பிள்ளைகளுக்குப் பட்டறையில் நான் செய்ய உதவியது ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரிக் கேடயம், அதே பாரம், அதே மையம். கைபிடியை ஆறு இடத்தில் மாற்றி மாற்றிப் பூட்டி, ஒவ்வொன்றையும் எத்தனை நிமிடம் பிடிக்க முடிகிறது என்று பார்த்தார்கள். சன்னமே இல்லாமல் செய்யக்கூடிய, ஆனால் ஒருவரும் செய்யாத ஆராய்ச்சி அது.

தேவாலயம், பள்ளிவாசல் வாசலில் ஒரு கேடயம் வைத்தால் குண்டுவெடிப்புக்கு உதவுமா?

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பலர் இதைக் கேட்டார்கள். உதவும் என்று சொல்ல என் மனம் விரும்புகிறது. ஆனால் சன்னத்துக்குச் செய்த கேடயம் வெடிப்பு அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அழுத்தம் ஓரங்களைச் சுற்றி வரும், கேடயத்தையே ஆள்மேல் எறியும். சிதறல்களில் சிலவற்றைப் பிடிக்கலாம்.

கண்ணிவெடி வேலையில் நாங்கள் போட்ட கவசத்துக்கான சர்வதேச அளவு, 240 கிராம் ரிஎன்ரி வெடிமருந்தைக் கணக்கில் எடுத்தது. 1.102 கிராம் சிதறல் வினாடிக்கு 450 மீற்றரில் வந்தால் பாதி நிற்கும், பாதி ஊடுருவும் என்பது அதன் எல்லை. பாதி என்ற சொல்லைப் பயிற்சியில் முதன்முதல் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. அதுவும் நிலத்துக்குள் இருக்கும் சின்ன மிதிவெடிக்கு. ஆள் சுமந்து வருவது கிலோக்கணக்கு. அங்கே காப்பாற்றுவது தூரமும், கூட்டம் ஓரிடத்தில் அடையாமல் இருப்பதும்.

காட்டில் கட்டுத்துவக்குக்குப் பயந்து போகிறோம். இது உதவுமா?

மிருகத்துக்கென்று காட்டில் கட்டி வைக்கும் பொறித் துவக்குத்தான் கட்டுத்துவக்கு. அது காலுக்கோ இடுப்புக்கோதான் வெடிக்கும், பக்கத்திலிருந்து வெடிக்கும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. முன்னால் பிடிக்கும் கேடயத்தால் பயனில்லை. பற்றைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

இலங்கையில் தனியார் வாங்குவதானால் முதலில் பாதுகாப்பு அமைச்சில் அனுமதி பற்றி விசாரியுங்கள், பிறகு விற்பவரிடம் போங்கள். விற்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். முத்திரை போதாது. எந்த ஆய்வுகூடம், எந்தச் சன்னம், என்ன வேகம், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் சுட்டார்கள், கண்ணாடியிலும் சுட்டார்களா, கண்ணாடியும் தகடும் சேரும் விளிம்பில் சுட்டார்களா? கடைசிக் கேள்விக்கு விற்பவர் தடுமாறினால் கவனம். அடுத்து, சொன்ன பாரம் வெறும் தகட்டுக்கா எல்லாம் பூட்டியதற்கா? மின்சூளையும் மின்கலத்தையும் சேர்த்து நீங்களே தராசில் வையுங்கள். பிறகு கையில் எடுத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டே நில்லுங்கள். விற்பவர் ஐந்தாவது நிமிடத்தில் "வையுங்க ஐயா" என்பார். வைக்காதீர்கள்.

பழைய கேடயத்தை என்ன செய்வது?

நார்த் தகடுகளுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் வழக்கமாக ஐந்து வருடம். அதற்குப் பிறகு உடனே கெட்டுவிடும் என்றில்லை, ஆனால் பொறுப்பு உங்கள் தலையில். ஒரு வெடி பட்டதையோ, ஓரம் உரிந்து அடுக்கு பிளந்ததையோ, சூட்டில் வளைந்ததையோ மறுபடி வரிசையில் வைக்காதீர்கள். ஓரத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடமும் பிளந்த இடமும் வேறு வேறு சத்தம் தரும், படகில் நாங்கள் பார்ப்பதும் அப்படித்தான். கழிப்பதானால் கைபிடியை அறுத்துவிட்டு, முகத்தில் பெயின்றால் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டு "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதிவிடுங்கள். கைபிடியோடு களஞ்சியத்தில் கிடந்தால், அவசரத்தில் யாராவது ஒருவர் அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார்.